வலம் வந்த மூலக்கூறு

ராஜபாளையத்தில் ஒளி ஒலிக் கல்வி மையம் என்று ஒன்று இருந்தது. நின்றுபோன ஒரு நூல் மில்லின் பஞ்சுக் கிடங்கில் அது நடந்தது. தொண்ணூறாம் வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்குக் கலர் டிவி வந்திருந்தது. டிவியில் காட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. அதைத் தயாரிப்பது மையத்தின் பொறுப்பு.

பரிபூரணம் அங்கே தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேலையில் சேர்ந்த பிறகு அவள் அங்கே பேசிய சொற்களில் பெரும்பாலானவை "சரி சார்". மீதி "இல்ல சார்".

மையத்தின் நடுக்கூடத்தில் மூலக்கூறு மாதிரி ஒன்று இருந்தது. நடுவில் கால்பந்து அளவுக்குக் கறுப்பு உருண்டை. அதிலிருந்து நான்கு பக்கமும் கம்பிகள். கம்பிகளின் முனையில் நீலம், சிவப்பு, வெள்ளை, சின்னக் கறுப்பு என்று நான்கு உருண்டைகள். அலனின் என்னும் அமினோ அமிலம். ஒரே உருண்டைகளைக் கொண்டு அலனினை இரண்டு விதமாகக் கட்டலாம். இடது கையும் வலது கையும் போல அவை இருக்கும். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்த முடியாது. நம் உடம்பு தன் புரதங்களைக் கட்டுவது இடக்கை வகையால். நடுக்கூடத்து மாதிரியும் இடக்கை வகை. கட்டியவர்கள் சரியாகக் கட்டியிருந்தார்கள். மையத்தில் அப்படிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அதைப் படம் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் முனைவர் சக்ரபாணி முடிவு செய்தார். படத்தில் மூலக்கூறு சுழல வேண்டும்.

"சுழலாது சார்," என்றார் நிர்வாக அலுவலர் சுயம்புலிங்கம். "அமைச்சர் தெறந்து வச்சது. பீடத்தோட சேத்து சிமிண்டு பூசியிருக்கு. அதைத் திருப்பணும்னா அமைச்சரத்தான் திருப்பிக் கூப்பிடணும். அவரு இப்ப அமைச்சரும் இல்ல."

"வேறொன்று செய்யலாமா?"

"வேறொண்ணு செய்யலாம் சார். அதையும் யாராச்சும் தெறந்து வைக்கணும்."

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். அவர் அப்படி மூடினால் உரை வரும்.

"மூலக்கூறு அசைய வேண்டியதில்லை. கேமரா அதைச் சுற்றி வரட்டும். பார்ப்பவர்களுக்கு மூலக்கூறு சுழல்வதாகத் தோன்றும். பதினெட்டு ஆண்டு நிர்வாக அனுபவத்தில் நான் கண்ட தத்துவம் இதுதான். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நாம் அதைச் சுற்றி வருவோம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கோப்பு நகர்வதாகத் தோன்றும். அறிவியலும் நிர்வாகமும் ஒன்றே."

பரிபூரணம் அதைக் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்வது அவள் வேலை.

கேமராவுக்குக் காசிராஜனைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ என்றால் அவர்தான். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவைப் பிள்ளையைப் போலத் தோளில் வைத்திருப்பார். ஆவணியில் பரிபூரணத்தின் தங்கை வேலுத்தாயின் கல்யாணத்துக்கும் அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

மாதிரியைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "மாலை மாத்துறப்ப மாப்பிள்ளையச் சுத்தி ஒரு சுத்து வருவேன்லா, அதே மாதிரித்தான தங்கச்சி? ஒரு சௌகரியம், இவரு வேட்டிய அவுத்து அவுத்துக் கட்ட மாட்டாரு."

பரிபூரணம் சிரித்துவிட்டாள். மையத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

மில்லில் நூல்கண்டு ஏற்றும் பழைய தள்ளுவண்டி ஒன்று கிடந்தது. அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார்கள். பீடத்திலிருந்து வண்டிக்கு ஒரு கயிறு கட்டினார்கள், தூரம் மாறாமல் இருக்க. காசிராஜன் வண்டிமேல் உட்கார்ந்தார். பரிபூரணம் தள்ளினாள். வண்டி வேகம் எடுத்தால் சக்கரத்துக்கு முன்னால் தேருக்குப் போடுவதுபோலக் கட்டை போட சுயம்புலிங்கம் தயாராக நின்றார். தேவையில்லாதபோதும் போட்டார்.

தொடங்குவதற்கு முன்னால் இயக்குநர் இரண்டு உத்தரவுகள் போட்டார். பீடத்தில் பதித்திருந்த கல்வெட்டை மூட வேண்டும். அதில் பழைய இயக்குநரின் பெயர் இருந்தது. சுயம்புலிங்கம் தன் துண்டைப் போட்டு மூடினார். அடுத்தது, சுவரில் ஆண்டாள் படம் மாட்ட வேண்டும்.

"சுற்றி வருகிறோம். சுற்றி வருவது என்றால் பிரதட்சணம். தாயார் இல்லாமல் பிரதட்சணம் வெறும் நடை. கேமராவும் வலமாகவே வர வேண்டும்."

ஒவ்வொரு சுற்றிலும் மூலக்கூறுக்குப் பின்னால் ஆண்டாள் ஒருமுறை வந்து போனாள். கொண்டை, மாலை, இடது கையில் கிளி.

மறுநாள் குழு உட்கார்ந்து பார்த்தது. குழு என்றால் இயக்குநர், சுயம்புலிங்கம், தலையாட்டுவதற்காக அழைக்கப்பட்ட சிலர். காசிராஜன் ஒளிநாடாவை ஓட்டினார். மூலக்கூறு அழகாகச் சுழன்றது. இயக்குநர் எழுந்து நின்றார்.

"நிறுத்துங்கள். இது இடமாகச் சுற்றுகிறது."

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். ஒரு பொருளை நாம் வலமாகச் சுற்றினால் அது நம் கண்ணுக்கு இடமாகத் திரும்பும். காசிராஜன் அதைக் கையை ஆட்டிக் காட்டினார்.

"கேமரா வலமாத்தான் சார் வந்துச்சு. அதனாலதான் இது அப்படித் தெரியுது."

"அப்படியானால் கேமராவை இடமாகச் சுற்றுங்கள்," என்று தலையாட்டும் ஒருவர் தவறிப்போய்ச் சொல்லிவிட்டார்.

"ஆண்டாள் இருக்கும் கூடத்தில் அப்பிரதட்சணமா?" என்றார் இயக்குநர். தவறிப்போனவர் மறுபடி தலையாட்டத் தொடங்கினார்.

"பூமியே இப்படித்தான் சார் சுத்துது, வடக்க மேல நின்னு பாத்தா," என்றார் சுயம்புலிங்கம். "எம் மகன் பாடத்துல இருக்கு."

"பூமி நம் மையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை."

கேமரா வலமாக வர வேண்டும், மூலக்கூறும் வலமாகச் சுழல வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. அந்தக் கூட்டங்களுக்கு வந்து வந்து காசிராஜன் கல்யாணங்களை விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இயக்குநர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். காசிராஜனைப் பார்க்கப் பரிபூரணத்துக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தாள்.

"கண்ணாடி வழியா எடுத்தா சார்..."

எல்லோரும் திரும்பினார்கள். யார் பேசியது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது.

"கேமரா வலமா வரலாம். கண்ணாடியில எல்லாம் திரும்பித் தெரியும். படத்துலயும் வலமாச் சுத்தும்."

"இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்," என்றார் இயக்குநர்.

அலுவலக ஸ்டீல் பீரோவின் கதவுக் கண்ணாடியைக் கழற்றி வண்டியில் சாய்த்துக் கட்டினார்கள். காசிராஜன் மூலக்கூறைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துப் படம் எடுத்தார். "பொண்ணு பாக்குற மாதிரி இருக்கு தங்கச்சி. நேராப் பாக்கப்படாது," என்றார். பரிபூரணம் தள்ளினாள். சுயம்புலிங்கம் கட்டை போட்டார்.

இந்த முறை குழு கைதட்டியது. மூலக்கூறு வலமாகச் சுழன்றது. எல்லோரும் அது சுற்றும் திசையை மட்டும் பார்த்தார்கள். பரிபூரணம் நீல உருண்டையைப் பார்த்தாள். அது இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. சிவப்பும் இல்லை. கண்ணாடி சுற்றை மட்டுமா திருப்பும்? திரையில் சுழன்றது வலக்கை அலனின். நம் உடம்பு கட்டாதது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்த்து வரையப் போவது.

அவள் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள்.

"பரிபூரணம் மேடத்தை நிரந்தரம் ஆக்குறதுக்கு இயக்குநர் சார் பரிந்துரை பண்ணியிருக்கார்," என்றார் சுயம்புலிங்கம். "எந்திரிச்சு நன்றி சொல்லுதாங்க."

"சரி சார்," என்று உட்கார்ந்தாள்.

படம் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் திரையிடப்பட்டது. ஆண்டாள் வருகிறாள் என்று கேள்விப்பட்டு ரத வீதிப் பெண்களும் வந்திருந்தார்கள். மாணவிகள் தரையில், பெண்கள் பெஞ்சில். விளக்கை அணைத்தார்கள். மூலக்கூறு சுழன்றது. முதல் சுற்றில் ஆண்டாள் வந்து போனாள்.

"ஏட்டி, கிளியப் பாத்தியா?"

"எங்க?"

"அடுத்தச் சுத்துல வரும், இரு."

வந்தது.

"வலது கையிலல்லா இருக்கு!"

விளக்குப் போடும் முன்பே அரங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்தவர்கள் கிளி எந்தக் கையில் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். பரிபூரணமும் சொல்வாள். அவள் அத்தனை நாளும் நீல உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கிளியைப் பார்க்கவில்லை.

"யாருய்யா படம் எடுத்தது?"

"தாயார் கிளிய மாத்துனவன் எவன்?"

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பொதுமக்களின் உணர்வை மையம் மதிக்கிறது. மையம் தத்துவத்தை மட்டுமே வழங்கியது. கிளி தொடர்பான செயல்பாடு முழுவதும் ஒளிப்பதிவாளரைச் சேர்ந்தது. அவர் பெயர் காசிராஜன். முகவரி எங்களிடம் இருக்கிறது."

காசிராஜன் ஓரத்தில் நின்றார். பரிபூரணத்தை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கண்ணாடி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா செல்லத்தாய் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"காசிராஜன வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"ஏனா? நீயும் அங்கதான இருந்த? தாயார் கையில கிளிய மாத்துனவன் கேமராவுல எம் மகளுக்குத் தாலி கட்டுறது விழணுமா? எதிர்வீட்டுலயும் வேண்டாம்னுட்டாவ. தெருவுல ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ. அவன் பொண்டாட்டி கடைவாசல்ல உக்காந்து அழுதாளாம். பாவம், அவ என்ன செய்வா."

வேலுத்தாய் உள்ளிருந்து, "அந்தண்ணன் நல்லா எடுப்பாரும்மா," என்றாள்.

"எடுப்பாரு. திருப்பி எடுப்பாரு."

பரிபூரணம் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தாள். நான்தாம்மா கண்ணாடி என்று சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கொழம்பு பத்தலையா?" என்று அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

விசாரணைக் குழு கூடியது. படம் எடுத்த குழுவே விசாரணைக் குழுவாகவும் இருந்தது. அவர்களுக்குத்தான் விவரம் தெரியும் என்று இயக்குநர் காரணம் சொன்னார். காசிராஜன் இனி மையத்தின் வளாகத்துக்குள் வரக் கூடாது என்றும், தவறு அவருடையது என்று பள்ளிகளுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்றும் தீர்மானம் வாசிக்கப்பட்டது.

பரிபூரணம் எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடி வைக்கச் சொன்னது நான்தான் சார்."

தலையாட்டுபவர்கள் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"காசிராஜன் அண்ணன் சொல்லல. எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னேன்."

இயக்குநர் அவளைக் கருணையோடு பார்த்தார். "உட்காரும்மா. நீ சொல்லியிருக்க முடியாது."

"சொன்னேன் சார்."

"விதியைப் பார்ப்போம். சுயம்புலிங்கம்?"

சுயம்புலிங்கம் விதிப்புத்தகத்தைத் திறக்காமலேயே சொன்னார். "தற்காலிகப் பணியாளருக்குக் கருத்து கெடையாது சார். உதவி இயக்குநருக்கு மேலதான் கருத்து உண்டாகும். கீழ உண்டானா அது சத்தம்தான்."

"நான் இன்னைக்கு நிரந்தரம் ஆயிட்டேன்ல சார்? காலையில ஆணை வந்துச்சு."

"வாழ்த்துகள்," என்றார் இயக்குநர். "உன் கருத்து இன்று முதல் செல்லும். ஆனால் கண்ணாடி போன மாதம் வைத்தது. முன்தேதியிட்டுக் கருத்து வழங்கினால் தணிக்கையில் கேட்பார்கள். ஒரு நல்ல பெண் தானாக முன்வந்து பழியை ஏற்கிறாள். இந்தப் பண்பை மையம் பதிவு செய்கிறது. பழியைப் பதிவு செய்ய இயலாது."

கைதட்டினார்கள்.

அவள் உட்காரவில்லை. "இன்னொண்ணு சார். கிளி மட்டுமில்ல. மூலக்கூறும் திரும்பித்தான் இருக்கு. அது வேற வகை. பிள்ளைங்க தப்பாப் படிக்கும். கண்ணாடிய எடுத்துட்டா கிளியும் சரியாயிரும், அதுவும் சரியாயிரும்."

"மூலக்கூறு பற்றிப் பொதுமக்களிடமிருந்து புகார் வந்திருக்கிறதா?"

"இல்ல சார்."

"கிளி பற்றி?"

"வந்திருக்கு."

"அப்படியானால் எது தவறு என்பது தெளிவாக இருக்கிறது. கண்ணாடியை எடுத்தால் மூலக்கூறு மறுபடியும் இடமாகச் சுற்றும். அதற்குப் புகார் வரும். அது என் புகார்."

தீர்வை இயக்குநரே கண்டார். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சொல்லி, ஆண்டாள் படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்தார்கள். அதில் கிளி வலது கையில் இருக்கும். கண்ணாடி வழியாக எடுத்தால் திரும்பி இடது கைக்கு வந்துவிடும். அச்சகத்துக்காரர், "இத வெளிய யாருக்கும் காட்டிராதீங்க சார், எங்களுக்கும் பேரு கெட்டுரும்," என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

படத்தை எடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பேசவே இல்லை. பரிபூரணம் வண்டியைத் தள்ளினாள். இந்த முறை எல்லாம் சரியாக வந்தது. கேமரா வலம். சுழற்சி வலம். கிளி இடது கையில். மூலக்கூறு ஒன்றுதான் தப்பு. "அறிவியல் முறைப்படியும் ஆகம முறைப்படியும் பிழையற்றது" என்ற சான்றிதழ் படத்தின் முதலில் ஓடியது. தொழில்நுட்ப மேற்பார்வை என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. நிரந்தரப் பணியாளர் பெயர்தான் அங்கே வர முடியும்.

மம்சாபுரம் பள்ளிக்கூடத்தில் திரையிட்டபோது டீச்சர் மாணவிகளைக் களிமண் உருண்டைகளும் ஈர்க்குச்சியும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். படத்தைப் பார்த்து எல்லோரும் செய்தார்கள். கவனமாகச் செய்தார்கள். ஒரு பெண் மட்டும் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் செய்திருந்தாள். "டிவியில எப்படி இருக்கு, நீ எப்படி வச்சிருக்க?" என்று டீச்சர் அதைப் பிரித்துத் திருப்பிச் செருகினார். பரிபூரணம் பின்வரிசையில் இருந்தாள். எழுந்து போய், "அந்தப் பிள்ள செஞ்சதுதான் டீச்சர் சரி," என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன மேடம் சொல்லுதீங்க? படத்துல ஒங்க பேருதான போட்டிருக்கு?"

ஆவணியில் வேலுத்தாயின் கல்யாணம் நடந்தது. மதுரைக்காரர்தான் வீடியோ எடுத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் பரிபூரணம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மா பட்டுச்சேலை மடிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"நீயா?"

"நான்தாம்மா."

"மெதுவாப் பேசு. சம்பந்தகாரவுக காதுல விழுந்திராம." மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "அவன் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் பரிபூரணம் பிறகு காசிராஜனின் கடைக்குப் போனாள். பலகையில் வீடியோ என்ற எழுத்தை அழித்துவிட்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. கேமராவைக் காணவில்லை.

"வித்துட்டீங்களாண்ணே?"

"மச்சான் கேட்டாரு, குடுத்துட்டேன்." ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காரு தங்கச்சி. கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"நீங்க ஏண்ணே அன்னைக்குச் சொல்லல?"

"சொல்லி? எனக்கு இந்த வேல போனா இன்னொரு வேல. ஒனக்கு அப்பத்தான நிரந்தரம் ஆகுது." சிரிக்கப் பார்த்தார். "அதோட நீ பேசினேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவள் ஊருக்கெல்லாம் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை. படம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்ணிடம் சேலைத் தலைப்பைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

திருப்பி அச்சடித்த ஆண்டாள் படத்தை என்ன செய்வது என்று மையத்துக்குத் தெரியவில்லை. தாயாரைக் குப்பையில் போட முடியாது. கிளி மாறியிருப்பதால் பூஜையிலும் வைக்க முடியாது. சுயம்புலிங்கம் யோசித்து, நிரந்தரப் பணியாளரான பரிபூரணத்தின் மேஜைக்குப் பின்சுவரில் மாட்டினார். வருகிறவர்கள் பார்த்துவிட்டால் வம்பு என்று முன்னால் திரை தொங்கவிட்டார். பீரோக் கண்ணாடியை மறுபடி கதவில் பொருத்தாமல் எதிர்ச்சுவரில் நிறுத்தினார்.

"காலையில வந்ததும் திரைய வெலக்கிக் கும்பிட்டுக்கோங்க மேடம். ஆனா படத்த நேராப் பாத்துராதீங்க. கண்ணாடியில பாருங்க. அதுலதான் சரியா இருக்கும்."

பரிபூரணம் தினமும் அப்படித்தான் செய்கிறாள். திரையை விலக்கிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்கிறாள். கிளி இடது கையில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் படம் அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடியில் தாயாருக்கு முன்னால் அவள் முகம்தான் வந்து நிற்கிறது.